தள்ளி விழுந்த புள்ளி

"மேரி, அந்தச் சட்னிய அப்புறம் அரைக்கலாம். மொதல்ல சேலைய மாத்து. ஜெயசீலி கிளம்பி நிக்குது பாரு!" என்று புருஷன் ஏசுபாதம் கூடத்திலிருந்து குரல் கொடுத்தபோது, அம்மிக் குழவியைத் தூக்கி நடுக்கூடத்தில் போட்டால் என்ன என்று இருந்தது அருள்மேரிக்கு.

போடவில்லை. கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் எதைத்தான் போட்டிருக்கிறாள், எதைத்தான் உடைத்திருக்கிறாள் அவள்?

சங்கதி இதுதான். அவளுடைய கொழுந்தன் தேவானந்தத்தின் மனைவி ஜெயசீலி கதை எழுதுகிறவள். இந்த வீட்டுக்கு வந்த ஒன்றரை வருஷத்தில் வாரப் பத்திரிகையில் மூன்று கதை வந்துவிட்டது. இப்போது ஏதோ ஒரு நாவல் போட்டியாம். டைப் அடித்த பிரதிதான் அனுப்ப வேண்டுமாம். போனஸ் பணத்தில் பழைய தமிழ் டைப்ரைட்டர் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று தேவானந்தம் சொல்லிவிட்டான். எது நல்ல மிஷின் என்று பார்த்துச் சொல்ல அந்தத் தாம்பரத்து வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் கிரேடு, முதல் வகுப்பில் பாஸ் செய்த அருள்மேரி!

"கதை எழுதற மருமவ ஒங்க வூட்ல கீறாளாமேன்னு கோயில்ல அத்தினி பேரும் கேக்கறாங்கடி மேரி. சாமியாரே கேட்டாரு!" என்று மாமியார் கங்கம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அருள்மேரிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவளுக்கும் ஒருநாள் தபாலில் கவர் வந்தது. கவர்மென்ட் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர். அதே மாதம் கங்கம்மாவுக்குக் கையும் காலும் விழுந்துவிட்டது. "நீ வேலைக்குப் போனா அம்மாவ யார் பாக்கறது? தேவா பாலிடெக்னிக்க விட்டுட்டு வூட்ல குந்தட்டுமா?" என்று ஏசுபாதம் கேட்டான். சேரவேண்டிய கடைசித் தேதி போகும்வரை ஆர்டரை பைபிளுக்குள் வைத்திருந்து, அப்புறம் கிழித்துப் போட்டாள். கங்கம்மா எழுந்து நடந்தாள். தேவா படித்து முடித்தான். ஆர்டர் வந்ததை எல்லாரும் மறந்தே போனார்கள்.

குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது டைப்ரைட்டர் மெக்கானிக் ஸ்ரீரங்கனின் கடை. கையில் இருந்த தொகைக்கு இரண்டே மிஷின்கள்தான் தேறின. ஒன்று புதுசாகப் பச்சைப் பெயின்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மற்றொன்றுக்குப் பெயின்ட் உரிந்து, மூடிக்குப் பூட்டுகூட இல்லை.

"நான் லோயர் கிரேடே பாதியில விட்டவ. எனக்கு என்னக்கா தெரியும்? நீங்க அடிச்சுப் பாருங்க" என்றாள் ஜெயசீலி.

அருள்மேரி பச்சை மிஷினில் உட்கார்ந்தாள். மெதுவாக அடித்தவரை நல்ல பிள்ளையாக இருந்தது. வேகம் பிடித்ததும் புத்தியைக் காட்டிவிட்டது. தமிழ் மிஷினில் புள்ளி விசையை முதலில் தட்ட வேண்டும். தட்டினால் காகிதம் நகரக் கூடாது, அதே இடத்தில் நின்று எழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் நகர்ந்தது. எழுத்து ஓரிடம், புள்ளி ஓரிடம்.

அடுத்து அந்தப் பெயின்ட் உரிந்த மிஷின். ஐயோ! விசை ஒவ்வொன்றும் விரலைத் தேடி வந்தது. பதினோரு வருஷம் பாத்திரம் தேய்த்த கை, ஒரு பிழை இல்லாமல் நாலு வரி ஓடிவிட்டது. ஸ்ரீரங்கனே எட்டிப் பார்த்து, "இன்னா ஸ்பீடும்மா!" என்றார். அவளுக்கு எழுந்திருக்க மனமே வரவில்லை.

"எது நல்லா இருக்குக்கா?"

இந்த மிஷின் இவளுக்கா? நான் அடுப்படியில் வெந்துகொண்டிருக்க, இவள் கூடத்தில் உட்கார்ந்து இதில் தட்டுவாளா?

"பச்சையே எடுத்துக்க" என்றாள் அருள்மேரி.

பச்சை மிஷினைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார்கள்.

மூன்று வாரம் ஆயிற்று. போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான். ஜெயசீலி அடித்த பக்கமெல்லாம் புள்ளி தள்ளித் தள்ளி விழுந்து அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. கிழிப்பாள், மறுபடி அடிப்பாள், மறுபடி கிழிப்பாள். "மிஷினு வாங்கிக் குடுத்தா போதுமா? கை வரணுமில்ல?" என்று கங்கம்மா முணுமுணுத்தாள். அருள்மேரிக்கு அது இனித்தது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? இரண்டு நாள் நன்றாகவே இனித்தது.

மூன்றாம் நாள் காலை ஜெயசீலி மிஷினை மூடிவிட்டாள்.

"இத வித்துடுங்க. எனக்குப் போட்டியும் வேணாம், கதையும் வேணாம்!"

"மிஷின்ல ஏதாச்சும் ரிப்பேரா இருக்கும்" என்றான் தேவானந்தம்.

"அக்கா பாத்து எடுத்த மிஷின்ல ரிப்பேர் இருக்குமா? என் கைதான்... என் கைதான் விளங்காத கை!" தன் விரல்களைத் தானே பளீரென்று அடித்துக்கொண்டாள்.

அருள்மேரி ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"அடிக்காதடி! உன் கையில ஒண்ணுமில்ல. மிஷின்தான் சரியில்ல. எனக்குக் கடையிலயே தெரியும்... தெரிஞ்சேதான் எடுக்கச் சொன்னேன்!"

ஏசுபாதம்தான் முதலில் எழுந்தான். "ச்சீ! நீயா மேரி? வூட்டுக்குள்ளயே இவ்ளோ பொறாமையா?"

"ஆமா, பொறாமைதான்!" அவள் குரல் உடைந்தது. "அவ ஒக்காந்து எழுதினா ஊரெல்லாம் பெருமை. எனக்கு ஆர்டர் வந்தன்னிக்கு இந்த வீட்ல ஒருத்தர் சிரிச்சீங்களா? அம்மாவ யார் பாக்கறதுன்னுதான கேட்டீங்க? பாத்தேன். ஒரு குறை வெக்காமப் பாத்தேன். இப்ப இவளுக்கு மிஷின் பாத்துக் குடுன்னு என்னையே கூட்டிட்டுப் போறீங்களே... என் நெஞ்சு என்ன கல்லா?"

"என்ன ஆர்டர்?" என்று கேட்டாள் ஜெயசீலி. தேவானந்தம்தான் தலையைக் குனிந்துகொண்டு, "கவர்மென்ட் வேலை. நான் படிக்கணும்னு அண்ணி விட்டுட்டாங்க" என்றான்.

ஜெயசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வாரமா என் கைய நானே சபிச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. அத நான் லேசுல மறக்க மாட்டேன்" என்றாள். அப்புறம் ஏசுபாதத்தின் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க ‘ச்சீ’ன்னு சொல்லாதீங்க மாமா. அவங்க இடத்துல நான் இருந்திருந்தா மிஷினத் தூக்கிக் கிணத்துல போட்டிருப்பேன். கிளம்புங்கக்கா, போய் மாத்திட்டு வரலாம்."

பெயின்ட் உரிந்த மிஷின் ஸ்ரீரங்கனின் கடையில் அப்படியே இருந்தது. அழகில்லை என்று யாரும் சீந்தவில்லையாம். பச்சையைத் திருப்பிக் கொடுத்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அருள்மேரி அடுப்படிப் பக்கம் திரும்பியபோது ஜெயசீலி வழியை மறித்தாள். "எங்க போறீங்க? மிச்சமிருக்கற ஏழெட்டு நாள்ல என் ஸ்பீடுக்கு முடியாது. நான் படிக்கறேன், நீங்க அடிங்க. மொதப் பக்கத்துல ‘தட்டச்சு: அருள்மேரி’ன்னு போட்டுத்தான் அனுப்புவேன்."

அருள்மேரி உட்கார்ந்தாள். மிஷின் ஓட ஆரம்பித்தது.

"மேரி... கொஞ்சம் காப்பி போடேன்" என்று பழக்கதோஷத்தில் கங்கம்மா கூப்பிட்டாள்.

"அக்கா வேலையில இருக்காங்க அத்தை" என்றாள் ஜெயசீலி. ஏசுபாதம் எழுந்துபோய், சர்க்கரை டப்பா எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது. யாரும் போய் எடுத்துக் கொடுக்கவில்லை.

நாற்பதாவது பக்கத்தில் அருள்மேரி கையை நிறுத்தினாள். "இவ எதுக்குடி இங்க அழறா? புருஷன நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்க வேணாமா?"

ஜெயசீலி பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு மெல்ல, "இன்னும் என் மேல பொறாமையா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

அருள்மேரிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இருக்குடி... நல்லாவே இருக்கு" என்றாள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. ஜெயசீலி அவளைப் பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொண்டாள்.

"இருந்தா இருக்கட்டும்க்கா. நீங்க அடிங்க."