துக்க வீட்டுக்குக் கட்டணம் இல்லை

ஒரு மனிதனின் கோபத்துக்கு அன்று காலை விலை ஆயிரத்து நூறு பெசோ. முந்தின நாள் தொள்ளாயிரம்தான். சந்தை திறக்குமுன் வருகிறவனிடம் ஐம்பது குறைத்துப் பேசலாம். காபி குடித்து, சுவரில் ஒட்டியிருக்கும் முடிவுத் தாளை இன்னொரு முறை படித்துவிட்டு வருகிறவனிடம் எந்தப் பேச்சும் எடுபடாது.

சான் ஹெனாரோ சந்தையின் மூன்றாவது வரிசையில் இருக்கிறது என் கடை. இஞ்சி, பட்டை, புளி, காய்ந்த செம்பருத்தி. காயல்பட்டினத்திலிருந்து மெக்சிகோவின் இந்த வளைகுடாக் கரைக்கு வந்து வாப்பா போட்ட கடை. நான் இங்கேயே பிறந்தவன். எனக்கு ஓட்டு உண்டு, மணிக்கட்டில் நாடிப்பட்டையும் உண்டு. ஊரார் மரியாதையாக என்னை டோன் நெய்னா என்பார்கள். அவர்கள் பேசுவது ஸ்பானியம். என் காதில் அது எப்போதும் கடைத்தெருத் தமிழாகவே வந்து விழும்.

ஆறு வருடத்துக்கு ஒருமுறை, ஆளுநர் தேர்தல் முடிந்த மூன்று நாளும், இஞ்சியை ஓரம் தள்ளிவிட்டுக் கோபம் வாங்குவேன். வாங்குவது என்றால் சாக்கில் கட்டி எடுத்துப்போவது அல்ல. ஆள் வந்து முக்காலியில் உட்காருவான். நாக்கின் கீழ் இரண்டு சாந்தத் துளி விடுவேன். பட்டையின் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு இறங்கும். மிச்சத் துளிகளையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வியாழன் மாலை ஏழு வரை பச்சையிலேயே இருப்பதாகக் கைநாட்டு வைத்துவிட்டுப் போவான்.

"இது சும்மா மூலிகைதானே டோன் நெய்னா?" என்று கேட்டான் ஒரு மீன்கூடைக்காரன்.

"உன் மாமியாரே வந்து நின்னாலும் சிரிப்பே. அவ்வளவுதான்."

"அப்ப இன்னொரு பாட்டில் குடுங்க."

எல்லாம் எதிர்வினைச் சட்டம் வந்த பிறகு வந்த பிழைப்பு. அதற்குமுன், முடிவு பிடிக்காவிட்டால் ஜனங்கள் நெடுஞ்சாலையை மறிப்பார்கள், ஓட்டுப்பெட்டியைக் கொளுத்துவார்கள். போலீஸ் சுடும். ஒரு வருடம் எங்கள் மாநிலத்தில் மட்டும் எழுபது பிணம். கடைசியில் தலைநகரத்துப் படிப்பாளிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோபப்பட ஏன் தெருவுக்கு வர வேண்டும்? வீட்டிலேயே கோபப்படுங்கள், நாங்கள் எண்ணிக்கொள்கிறோம். எல்லார் கையிலும் பட்டை, சதுக்கத்தில் சீற்றப்பலகை. முடிவு ஒட்டியதிலிருந்து மூன்று நாளுக்குள் ஏதாவது ஒரு நேரத்தில் ஊரின் மூன்றில் ஒரு பங்குப் பட்டைகள் சேர்ந்து சிவந்தால், அந்த ஊரின் பெட்டிகளைத் திறந்து மறுபடி எண்ண வேண்டும். சிவக்காவிட்டால் ஊர் ஒப்புக்கொண்டது என்று பொருள். வேறு எந்த மனுவும் செல்லாது.

கோபத்தை ஏற்றும் மருந்து போட்டால் பட்டை ரத்தத்திலேயே கண்டுபிடித்து அந்த ஆளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். அப்படியானால் இறக்கும் மருந்தை ஏன் கண்டுபிடிப்பதில்லை என்று கேட்காதீர்கள். சட்டம் எழுதியவர்களும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் பட்டைகள் 6,039. வேண்டியது 2,013. அந்தப் புதன்கிழமை காலை பலகையில் 1,880.

காரணம் பள்ளிக்கூடத்துச் சாவடி. ஞாயிறு மாலை அதன் கதவில் ஒட்டிய தாளில் எதிர்க்கட்சிக்கு 611, ஆளுங்கட்சிக்கு 208. ஊரே பார்த்தது. இரவோடு இரவாகத் தாளைக் கிழித்தார்கள். திங்கள் மாலை வந்த அரசாங்க முடிவில் 611 இடம் மாறி ஆளுங்கட்சிப் பக்கம் உட்கார்ந்திருந்தது. மாநிலம் முழுக்க வெற்றி வித்தியாசமே எழுநூறு ஓட்டு. இந்த ஒரு பெட்டியைத் திறந்தால் ஆளுநர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சாவடியின் தலைவி ஹசிந்தா டீச்சர். எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் கையெழுத்துப் போட்ட நகல் அவரிடம் இருந்தது. வியாழன் மாலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பிய பிறகு, சதுக்கத்தில் நின்று அதைப் படிக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். படித்தால் இரண்டாயிரம் என்ன, நாலாயிரம் சிவக்கும். முப்பத்தைந்து வருடமாக இந்த ஊருக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அதனால்தான் விலை ஏறிக்கொண்டிருந்தது. பணம் ஆளுங்கட்சி வக்கீலுடையது, தரகு என்னுடையது.

எதிர்க்கடை மிளகாய்க்காரி செனைதாவிடம் போனேன். அந்தச் சந்தையில் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் மர்ச்சாந்தே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். பெயர் தெரிந்தாலும் அப்படித்தான்.

"மிளகாய் வேணுமா, கோபம் வேணுமா மர்ச்சாந்தே?"

"கோபந்தான். உனக்குன்னா ஆயிரத்து இருநூறு."

"தூ! திருட்டுப்பயலுக அறுநூத்திப் பதினொண்ணை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தூக்கி வச்சிருக்கானுக. என் புருஷன் உசுரோட இருந்தா வக்கீல் மீசையில தீ வச்சிருப்பான். ஆயிரத்து இருநூறாம்! எடுத்துக்கிட்டு ஓடு."

அவள் கத்தியதில் நாலு கடை திரும்பிப் பார்த்தது. நான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். பச்சை. துளியும் அசையாத பச்சை.

"உன் பட்டை கெட்டுப்போச்சா?"

அவளும் பார்த்தாள். குரல் இறங்கியது. "எங்க வீட்டுக்காரர் கடல்ல போனதுல இருந்து இப்படித்தான் கிடக்கு. எவ்வளவு கத்தினாலும் ஏற மாட்டேங்குது. உள்ளே எரியுது மர்ச்சாந்தே. இது ஒத்துக்க மாட்டேங்குது."

துக்கத்தில் கை குளிர்ந்துவிடுகிறது, நாடி தாழ்ந்துவிடுகிறது. பட்டைக்குச் சூடும் துடிப்பும்தான் தெரியும். அழுகிறவளும் தூங்குகிறவளும் அதற்கு ஒன்று. ஆயிரத்து இருநூறு மிச்சம் என்று நினைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். அப்போது எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

மத்தியானம் வக்கீல் பராஹாஸ் வந்தார். ஆளுங்கட்சிக்காரர். வெயிலிலும் கோட்டு. என் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"நானூத்திப் பன்னிரண்டு மணிக்கட்டு. நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கேப்பானுகன்னு சொல்றே. நீ என்னைக் கொள்ளையடிக்கிறே நெய்னா."

"டீச்சர் படிக்கப்போறாங்க வக்கீல் ஐயா. சந்தை விலை, என் விலை இல்லை."

"இதுல பாதிப் பேரு இருக்காங்களா, செத்துட்டாங்களான்னு யாருக்குத் தெரியும்? பேரை ஏத்தி எழுதறதுல உங்க ஆளுங்க கில்லாடி."

என் வாப்பாவையும் அவர் போட்ட கடையையும் சேர்த்துச் சொன்ன சொல். எந்த வியாபாரியும் பொறுக்கமாட்டான். நாணயத்தைக் காட்டியாக வேண்டும், கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்து. எங்கள் ஜாதிப் பலவீனம் அதுதான்: சரக்கை மறைப்போம், சாமர்த்தியத்தை மறைக்கத் தெரியாது.

"ஏத்தி எழுதறவனா இருந்தா மிளகாய்க்காரி செனைதா பேரையும் போட்டிருப்பேன். போடலையே? துக்க வீட்டுக்கு நான் கட்டணம் வாங்கறதில்லை. அங்கே கோபம் தானா அடங்கிடும். துளிகூட வேண்டாம். பட்டை பச்சையாவே கிடக்கும்."

"அப்படியா?"

"வேணும்னா போய்ப் பாருங்க."

அவர் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே எதிர்க்கடையைப் பார்த்தார். செனைதா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், பச்சை தெரிந்தது.

"ஊரே துக்க வீடா இருந்தா?" என்றார் சிரித்துக்கொண்டு.

"அப்ப எனக்கு வியாபாரமே இல்லை" என்றேன் நானும் சிரித்துக்கொண்டு.

பிறகு அவர் பேரம் பேசவில்லை. நானூற்றுப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். அதற்குமேல் ஒரு மணிக்கட்டும் வேண்டாமாம். இருபத்தைந்து வருடம் தராசுக்குப் பின்னால் நின்றவன் நான். வேகமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டால், வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அன்றும் தெரிந்தது. எங்கே கிடைத்தது என்று யோசிக்காமல் இஞ்சியைத் திருப்பி அடுக்கினேன்.

வியாழன் காலை டீச்சரே கடைக்கு வந்தார். கையில் பழைய தோல்பை.

"கால் கிலோ இஞ்சி குடு மர்ச்சாந்தே. ஆறு மணிக்குத் தொண்டை நல்லா இருக்கணும். ஆமா, என் கோபம் என்ன விலை?"

"அவ்வளவு பணம் என்கிட்ட இல்லை டீச்சர்."

"ரெண்டாம் வகுப்புல கழித்தலுக்கு அழுதவன் நீ. இப்ப ஊரையே கழிச்சுக்கிட்டு இருக்கே." திட்டவில்லை; சிரித்தார். அவர் பட்டை மட்டும் பட்டப்பகலில் சிவப்பாக, அடுப்பில் கிடக்கும் கரி மாதிரி, நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

"டீச்சர், ஆறு மணி எதுக்கு? இப்பவே படிச்சிடுங்களேன்."

"இப்ப யாரு இருக்கா கேக்கறதுக்கு? பாதி ஊரு வயல்ல, மீதி படகுல."

"இருக்கறவங்க கேக்கட்டும். தாளை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு நீங்க..."

"ஏன்? என்ன தெரியும் உனக்கு?"

அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால், நேற்று வக்கீலிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்லை டீச்சர், வெயில்" என்றேன். இஞ்சியைப் பையில் போட்டேன். காசு வேண்டாம் என்று சொன்னதற்கு, "உன் காசு ஒரு மாதிரி காசுப்பா, என் காசே இருக்கட்டும்" என்று நாணயங்களை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து முக்கில், நம்பர் பலகை இல்லாத ஒரு லாரி அவரை ஏற்றிக்கொண்டு போனது. அந்த மாதிரி லாரியில் ஏறியவர் எவரும் திரும்பி வந்ததில்லை. தோல்பை அங்கேயே விழுந்து, இஞ்சி தெரு முழுக்கச் சிதறிக் கிடந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்குச் சதுக்கம் நிறைந்துவிட்டது. அவ்வளவு கூட்டத்தை அந்த ஊர் கண்டதில்லை. தோல்பையிலிருந்து எடுத்த தாளைச் செனைதா படித்தாள்; அவளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர்தான். "எதிர்க்கட்சி, அறுநூத்திப் பதினொண்ணு. ஆளுங்கட்சி, இருநூத்தி எட்டு." மூன்று முறை படித்தாள். ஒருவரும் கத்தவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். பெண்கள் அழுதார்கள். சதுக்கம் முழுக்க வரிசை வரிசையாகப் பச்சை விளக்கு.

பலகை 1,902-லிருந்து இறங்கியது. எழுநூறு. இருநூறு. நாற்பது.

அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. "கோபப்படுங்கய்யா!" என்று ஒருவன் அலறினான். "அவரைக் கொன்னுட்டானுகய்யா!" ஒரு படகோட்டி தன் தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்து, "திருப்பி அடிடா, அடிடா" என்று கெஞ்சினான். தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான். சிலர் தங்கள் மார்பிலேயே குத்திக்கொண்டார்கள். சிலர் கைகளைத் தேய்த்துச் சூடேற்றினார்கள். பலகை அறுபத்தொன்று வரை ஏறியது. பிறகு அவர்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏழுக்கு நாலு நிமிடம் இருக்கையில் பலகையில் ஒன்று என்று நின்றது.

செனைதா அந்த எண்ணைப் பார்த்தாள். கூட்டத்துக்குள் தேடிக்கொண்டே வந்தாள். என் கையை நான் சட்டைக்குள் மறைத்திருந்தேன். சிவப்பு துணியைத் தாண்டித் தெரிந்தது. மூன்று நாளாகத் துளி போட்டுப் பச்சையாய் வைத்திருந்த கை, நாலு மணியிலிருந்து இறங்கவே இல்லை. ஆறு துளி போட்டும் இறங்கவில்லை. டீச்சருக்காக அழ முடிந்திருந்தால் குளிர்ந்திருக்கும். எனக்கு அழுகை வரவில்லை. நான் யார்மேல் எரிந்துகொண்டிருந்தேன் என்று பட்டைக்குத் தெரியாது.

அவள் என் கையைப் பிடித்து உயரத் தூக்கினாள்.

"பாருங்கய்யா! வேத்து மண்ணுக்காரன் மகன். நம்ம டீச்சருக்காக இந்த ஊர்ல ஒருத்தனுக்குத்தான் ரத்தம் சூடா இருக்கு!" என் மணிக்கட்டில் முத்தமிட்டாள். முதல்முறையாக அவள் என்னை மர்ச்சாந்தே என்று அழைக்கவில்லை. "தம்பி" என்றாள்.

கூட்டம் தொப்பியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துத் தலை குனிந்தது. கையை அவள் பிடியிலேயே விட்டுவைத்தேன். மணி ஏழு அடித்தது. சான் ஹெனாரோ முடிவை ஒப்புக்கொண்டதாகப் பலகையில் எழுத்து ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை வக்கீலின் ஆள் உறை கொண்டுவந்தான். உள்ளே இரண்டு வரி. மணிக்கட்டு நானூற்றுப் பன்னிரண்டுக்கு உண்டான தரகு. அதன் கீழே, நான் கேட்காத ஒன்று: ஆலோசனைக்கு, ஐம்பதாயிரம். ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். எதிர்க்கடையில் செனைதா எனக்காகக் காபி வாங்கி வைத்திருந்தாள்.

உறையின் பின்புறத்திலேயே கணக்கை எழுதினேன். மொத்தப் பட்டைகள் 6,039. காசு கொடுத்து அடக்கியது 412. காசில்லாமல் அடங்கியது 5,625. எரிந்தது 1. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் கூட்டிப் பார்த்தேன், டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. 6,038-தான் வருகிறது. ஒன்று குறைகிறது.