பொட்டு வைத்த டிஸ்க்

ஆயுத பூசை அன்று காலையில் மயிலாத்தாள் வீட்டை முழுக்கக் கழுவிவிட்டாள். சந்தனக் கிண்ணத்தை மட்டும் தொடவில்லை. அவள் கணவர் மோகனசுந்தரம் தானே உட்கார்ந்து சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். பொட்டு வைக்கும் வேலை அவள் கையைவிட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

காரணம் ஒரு டிஸ்க். நாத்தனார் யோகப்பிரியாவின் மகள் செல்வப்பிரியாவுக்கு இந்த வடகரப்பதி வீட்டில்தான் காது குத்தினார்கள். யோகப்பிரியாவின் கணவர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கேமராவில் விசேஷத்தை எடுத்து, அங்கிருந்தே வந்த ரெக்கார்டரில் டிஸ்க்காக்கி, அதை மயிலாத்தாளின் மாமியாருக்கென்று இங்கே வைத்துவிட்டுப் போனார்கள். அன்று அந்த ரெக்கார்டரிலேயே போட்டு எல்லோரும் பார்த்தார்கள்; நன்றாகத்தான் ஓடியது. அடுத்து வந்த ஆயுத பூசையில் மண்வெட்டி, மோட்டார், டி.வி. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த மயிலாத்தாள், பக்தி மிகுந்துபோய் டிஸ்க்குகளுக்கும் வைத்தாள். ஐப்பசியில் படுத்த மாமியார் தையில் கண்ணை மூடினார். முகத்தையாவது பார்க்கலாமென்று டிஸ்க்கைப் போட்டால், வீட்டுப் பிளேயர் அதைப் படிக்கவே இல்லை. கேமரா டேப்பில் அதற்குள் வேறு கல்யாணம் ஏறியிருந்தது.

அந்த மாமியாரைக் கடைசிவரை குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள் மயிலாத்தாள். அதை யாரும் பேசவில்லை. டிஸ்க்கைக் கெடுத்தவள் என்ற பேர் மட்டும் நின்றுவிட்டது. அவளும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. எவ்வளவு பொறுமை! நமக்கெல்லாம் வராது.

இன்று பூசைக்கு வந்திருந்த செல்வப்பிரியா, கல்லூரிப் பெண், டிஸ்க் டப்பாவைத் திறந்தாள்.

“அத ஏங்கண்ணு எடுக்கற... உங்கத்தை பொட்டு வெச்சு எங்கம்மாள ரெண்டாந்தடவ சாகடிச்சாங்களே, அது பத்தாதா?” என்றாள் யோகப்பிரியா.

“நல்ல நாளும் அதுவுமா வேண்டாம் அம்மிணி...” என்று மயிலாத்தாள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

செல்வப்பிரியா டிஸ்க்கைப் போட்டாள். டிஸ்க் இல்லை என்றது டி.வி. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் போட்டாள். அப்போதும் அதே பதில்தான். பிளேயர்தான் கெட்டதோ என்று டப்பாவிலிருந்த ஒரு பழைய சினிமா டிஸ்க்கைப் போட்டாள். அது கணீரென்று ஓடியது.

“மாமா, இதுலயும் பொட்டுக் கறை இருக்குதுங்க. இது ஓடுதுங்களே?”

மோகனசுந்தரம் இரண்டு டிஸ்க்குகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டு இருந்தது பேர் எழுதிய பக்கத்தில். பிளேயர் படிக்கிற அடிப்பக்கம் இரண்டிலும் பளபளவென்று இருந்தது. கோபப்படத் தெரிந்த வீட்டில் யாருக்கும் இத்தனை நாள் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை.

செல்வப்பிரியா அதற்குள் போனில் தேடிவிட்டாள். “அம்மா, ஊட்டுல ரெக்கார்ட் பண்ணுன டிஸ்க்க, எடுக்கறதுக்கு முன்னால அதே மிஷின்ல ஃபைனலைஸ் பண்ணி முடிக்கோணுமாம். இல்லீன்னா அந்த மிஷின்ல மட்டுந்தான் ஓடுமாம், வேற எதுலயும் ஓடாதாம். அன்னைக்கு டிஸ்க்க வெளிய எடுத்தது ஆரு?”

யோகப்பிரியாவின் முகம் வெளுத்தது.

“நாந்தான்... கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி டி.வி.ல என்னமோ வந்துது. உங்கப்பா ஜீப்புல ஆரன் அடிச்சுட்டே இருந்தாரு. பட்டுனு எடுத்துட்டேன்...”

ரெக்கார்டர் கோவிந்தாபுரத்தில், அவள் வீட்டு அலமாரி மேல் கிடந்தது. மோகனசுந்தரம் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அவர் அதைக் கொண்டுவந்து மாட்டும்போது மதியம் தாண்டிவிட்டது. டிஸ்க்கை உள்ளே இழுத்த மிஷின் வெகுநேரம் முனகியது. பிறகு படம் வந்தது.

காது குத்தும் கூட்டம், மாமன் மடியில் குழந்தையின் அழுகை, பந்தி. மயிலாத்தாள் ஒரு இடத்திலும் இல்லை. பந்தியில் உட்கார்ந்திருந்த மாமியார் திடீரென்று இலையிலிருந்து கையை எடுத்தார்.

“ஆராச்சும் மயிலாளக் கூப்புடுங்க. வெடியால இருந்து அடுப்படியில நிக்கறா புள்ள. அவ உங்காம எனக்கு எப்புடிச் சோறு எறங்கும்?”

நிலைப்படியில் நின்ற மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யோகப்பிரியா ஓடிவந்து அண்ணியின் காலைப் பிடித்தாள்.

“நங்கையா... ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கலாமுல்லீங்க...”

மயிலாத்தாள் அவளைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். “என்னத்தக் கேக்கறது அம்மிணி... நானே கெடுத்துட்டேன்னுதான நானும் நெனச்சிருந்தேன். தெனமும் அத்தை போட்டாவுக்கு முன்னால நின்னு மன்னிப்புக் கேப்பேன். இன்னைக்குத்தான் மனசு ஆறுச்சு. நீ அந்த மிஷினத் தூக்கி வீசாம வெச்சிருந்தியே, உனக்குப் புண்ணியமாப் போவுது...”

குற்றம் சாட்டியவளுக்கே நன்றி சொன்னாள். யோகப்பிரியா விம்மி விம்மி அழுதாள். செல்வப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃபைனலைஸ் பட்டனை அழுத்திவிட்டுக் காவல்போலப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மோகனசுந்தரத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கொல்லைக்குப் போய் ஒரு இலை அறுத்து வந்தார், கழுவி விரித்தார்.

“உக்காரு மயிலா. நான் போடறேன்.”

“ஏனுங்க, நீங்க இன்னும் உங்கவே இல்லீங்க...”

“நீ மொதல்ல உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். அவர் பரிமாறினார். முதல் கவளம் அவள் வாய்க்குப் போகும்வரை அந்த வீட்டில் யாரும் இலை விரிக்கவில்லை.