பக்கத்து பால்கனியில் ஒரு குரல்

"ஒரு மனுஷன் காணாமப் போயிட்டார். கேட்டா, அப்படி ஒரு ஆளே கப்பல்ல இல்லங்கறாங்க."

சாப்பாட்டுக் கூடத்தின் தூணோர மேசைக்கு வந்து நின்றபடியே கோர்ட்டம்மா இதைச் சொன்னார். தலைகூட வாரவில்லை. நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர் அவர். சேலை மடிப்புக் கலையாமல் சாப்பிட வருகிறவர் இப்படி வந்து நின்றதும் பல் டாக்டர் ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார்.

தனியாக வந்த பயணிகளுக்கென்று ஒதுக்கிய மேசை அது. இரண்டு வாரப் பயணம். ஞாயிற்றுக்கிழமை கப்பல் கிளம்பியபோது எட்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக வேறு மேசைகளில் சிநேகம் பிடித்துக்கொண்டு போய்விட, சனிக்கிழமை காலையில் மூன்று பேர்தான் மிச்சம். பல் டாக்டர் மனைவியை இழந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் கிளினிக்கையும் மூடிவிட்டார். "வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கறவங்ககிட்டயே பேசிப் பேசி, பதில் வராத பேச்சுதான் எனக்குப் பழக்கம்," என்று முதல் நாளே சொல்லி, யாரும் சிரிக்காததால் தானே சிரித்துக்கொண்டவர்.

மூன்றாமவரை எல்லோரும் அறைக்காரம்மா என்றார்கள். ஒரு பயண அலுவலகத்தில் இருபத்தாறு வருடம், கப்பலில் எந்த அறையை எடுக்கலாம் என்று ஆலோசனை சொன்னவர். வயிறு புரட்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு நடுக்கப்பலில் கீழ்த்தளம். தூக்கம் முக்கியமென்றால் நடனக்கூடத்துக்கு அடியில் வேண்டாம். பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலமாகும், ஆகவே மருந்தைக் கைப்பையில் வையுங்கள். இப்படி ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பிவைத்தவருக்கு இதுதான் முதல் பயணம். தனக்கென்று அவர் எடுத்துக்கொண்டது ஜன்னல் இல்லாத உள்ளறை. ஏன் என்று டாக்டர் கேட்டதற்கு, "ஜன்னல் இருந்தா, பக்கத்துல நின்னு பாக்க இன்னொரு ஆள் வேணும்னு தோணும்," என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

"உக்காருங்க," என்றார் அறைக்காரம்மா. "முதல்ல இருந்து சொல்லுங்க."

கோர்ட்டம்மாவின் அறை எட்டாம் தளத்தில், பால்கனியோடு இருந்தது. அடுத்த பால்கனிக்கும் அவருடையதற்கும் நடுவே பால்நிறக் கண்ணாடித் தடுப்பு. திங்கள் காலை ஆறு மணிக்கு அவர் வெளியே போய் நின்றபோது, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல், "காத்து அதிகம், சால்வை போத்திக்குங்க," என்றது. அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அரை மணி நேரப் பேச்சு. முகம் பார்த்ததில்லை. இரண்டாம் நாள், "அக்கான்னு கூப்பிடலாமா?" என்று அவர் கேட்டாராம். வெள்ளிக்கிழமை வரை வந்தவர் இன்று வரவில்லை.

"ஏழு மணி வரைக்கும் நின்னேன். அப்புறம் வரவேற்பு மேசைல போய், பக்கத்து ரூம்ல இருக்கறவர் யாருன்னு கேட்டேன். அந்த ரூம் பூட்டியிருக்கு, இந்தப் பயணத்துல யாருக்குமே குடுக்கலைங்கறாங்க."

"பேசினதை எல்லாம் அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. பைத்தியம்னு நினைச்சுட்டா?"

"சொல்லாததே நல்லது," என்றார் அறைக்காரம்மா.

கோர்ட்டம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "பழக்க தோஷம். உள்ள வந்ததும் அவர் பேசினதை எழுதி வைச்சுடுவேன். இவ்வளவு பேச்சு என்கிட்ட யாரும் பேசி நாளாச்சு." சுழிகளும் கோடுகளுமாக இருந்த பக்கங்களைப் பிசிறில்லாமல் படித்தார்.

திங்கள்: "இந்த ரூம் சுவரெல்லாம் இரும்புதான். காந்தக் கொக்கி இருந்தா தொப்பி, பை எல்லாம் மாட்டலாம்." செவ்வாய்: "போன வாரம் இதே இடத்துல கடல் கண்ணாடி மாதிரி கெடந்துச்சு." புதன்: "நாளைக்குத் துறைமுகத்துல உங்க பக்கம் வெறும் சுவர்தான் தெரியும். ஊரைப் பாக்கணும்னா எதிர்ப்பக்கம் போயிடுங்க." வியாழன்: கோர்ட்டம்மா உட்காரச் சொன்னதற்கு, "நாற்காலி இருந்தா உக்கார மாட்டேனா?"

வெள்ளிக்குறிப்பை மெதுவாகப் படித்தார். "'இங்க எனக்கு வேலை முடிஞ்சுது, அக்கா. நாளைல இருந்து இருக்க மாட்டேன். கீழே போயிடுவேன். அஞ்சு நாள் நல்லா இருந்துச்சு.' அவ்வளவுதான். நான் ஏதோ சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள போயிட்டார்."

டாக்டரின் முகம் வெளுத்தது. "கீழேன்னா... கடல்லயா? டிக்கெட் இல்லாம திருட்டுத்தனமா ஏறினவரா இருப்பார். பட்டியல்லயே இல்லாத ஆள் விழுந்தா யார் தேடுவாங்க? வாங்க, கேப்டன்கிட்ட போவோம். கப்பலைத் திருப்பட்டும்!"

"ஒரு மணி நேரம் குடுங்க, டாக்டர். ஆள் கிடைக்கலைன்னா நானே கேப்டன் கதவைத் தட்டறேன்."

"அந்த ஒரு மணி நேரத்துல ஒரு உயிர்..."

"போனது நேத்துக் காலைல. விழுந்திருந்தார்னா இந்த ஒரு மணி நேரம் அவருக்கு உதவாது. உயிரோட இருந்தார்னா, அவர் பொழப்பு இந்த ஒரு மணி நேரத்துலதான் இருக்கு." அறைக்காரம்மா தேநீரை முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். ஆனால் வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்ததை டாக்டர் கவனித்தார். அந்த அம்மாளுக்கும் உறுதியில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

எட்டாம் தள நடைபாதையில், பூட்டிய அறைக்கு முன்னால் அறைக்காரம்மா குனிந்து கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தார். கதவோரம் ஒரு முழ அகலத்துக்கு நிறம் மங்கி, மொடமொடவென்று இருந்தது. பிறகு கோர்ட்டம்மாவின் பால்கனிக்குப் போனார். தடுப்பின் அடியில் நான்கு விரல் இடைவெளி. கைப்பிடிக் கம்பியில், தடுப்பு முடிகிற இடத்தில், வெள்ளையாக ஒரு கட்டைவிரல் தீற்றல்.

"பறவை எச்சம்," என்றார் டாக்டர்.

"நகத்தால அமுக்கிப் பாருங்க."

டாக்டர் அமுக்கினார். மேலே ரப்பர் மாதிரி தோல் கட்டியிருந்தது. உள்ளே இன்னும் கொழகொழப்பு. புளித்த வாடை லேசாக வந்தது. "பசை! ரொம்பப் பழசு இல்ல."

"இந்த வாடை அவர் பேசும்போதும் வரும்," என்றார் கோர்ட்டம்மா மெதுவாக. "ஏதோ தைலம் தேய்ச்சுக்கறார்னு நினைச்சேன்."

அறைக்காரம்மா டாக்டர் பக்கம் திரும்பினார். "உங்க தொழில் சாமான் ஏதாவது கையில வைச்சிருக்கீங்களா?"

டாக்டருக்குக் காது சிவந்தது. கிளினிக்கை மூடிய பிறகும், விட்டுவர மனசில்லாமல், ஒரு துணிச்சுருளில் நான்கு கருவிகளைப் பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை. "எப்படித் தெரியும்?"

"தெரியாது. இருந்தா நல்லாருக்கும்னு கேட்டேன்."

ஏழாம் தளத்திலிருந்த டாக்டரின் அறையில் அந்த அம்மாள் சொன்ன வேலை விசித்திரமானது. குளிக்கும் மூலையில், சுவரும் தரையும் சேருமிடத்தில் போட்டிருந்த வெள்ளைப் பசையை ஒரு சாண் நீளத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். டாக்டர் மண்டியிட்டு, முனை வளைந்த ஊசியால், ஈறு நோகாமல் கறை எடுக்கிற பதத்தில் சுரண்டினார். தண்ணீரைத் திறந்துவிட்டதும் அது இடுக்கில் இறங்கி, வெளியே கம்பளத்தில் மெல்லப் பரவியது. ஒரு மாதத்துக்குப் பிறகு கையில் வேலை கிடைத்த சந்தோஷத்தில், எதற்காகச் செய்கிறோம் என்று கேட்கக்கூட அவருக்கு மறந்துபோனது. வரவேற்பு மேசைக்குப் போன் செய்து, தண்ணீர் கசிவதாகச் சொன்னார்.

அறைக்காரம்மா கோர்ட்டம்மாவை அதே அறையின் பால்கனி நாற்காலியில் கடலைப் பார்த்து உட்காரவைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டார். "கதவு திறந்தே இருக்கட்டும். திரும்பிப் பாக்காதீங்க. காதை மட்டும் குடுங்க."

அரை மணியில் இருவர் வந்தார்கள். முன்னால் வந்தவர் மேற்பார்வையாளர். கையில் பட்டியல், இடுப்பில் வாக்கிடாக்கி. பின்னால் சாமான் பையோடு, நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒடிசலான ஓர் ஆள். முழங்காலில் ரப்பர் பட்டை கட்டியிருந்தார். விரல்நகங்களின் ஓரமெல்லாம் வெள்ளை.

அந்த ஆள் மண்டியிட்டு, தரையைத் தடவிப் பார்த்து, "தண்ணி எந்தப் பக்கமா இறங்குதுன்னு பாத்தீங்களா, சார்?" என்று கேட்டார்.

பால்கனியில் ஒரு நோட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

டாக்டர் திரைச்சீலையைப் பார்த்தார். அது விலகியது. கோர்ட்டம்மா உள்ளே வந்து, குளியலறை வாசலில் நின்றார். உதட்டை அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு, முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"இது காய எவ்வளவு நேரம் ஆகும், தம்பி?"

பசைக்குழாயைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அந்த ஆள் நிமிரவில்லை. மேற்பார்வையாளர் பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தார்.

"இருபது மணி நேரம்... மேடம்."

'அக்கா' இருந்த இடத்தில் அந்தச் சொல் வந்ததும் கோர்ட்டம்மா ஓர் அடி பின்வாங்கினார். அறைக்காரம்மா அவர் முழங்கையைத் தொட்டார். தரையைப் பார்த்தபடியே அந்த ஆள் சொன்னார்: "காய்ஞ்சதும் தண்ணி விட்டுப் பாக்கணும். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வரேன்."

"பயணிங்க தூங்கற நேரம்பா அது," என்றார் மேற்பார்வையாளர்.

"நான் அஞ்சு மணிக்கே எழுந்திருச்சுடுவேன்," என்றார் டாக்டர் அவசரமாக. கிளினிக்கை மூடியதிலிருந்து ஒன்பது மணிக்கு முன் அவர் எழுந்ததே இல்லை.

அவர்கள் போன பிறகு டாக்டரால் பொறுக்க முடியவில்லை. "இப்பவாவது சொல்லுங்க. எதுல பிடிச்சீங்க?"

அறைக்காரம்மா கட்டிலோரம் உட்கார்ந்தார். "முதல்ல 'போன வாரம்'. நாம கிளம்பினது ஞாயித்துக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஒருத்தர் போன வாரம் இதே இடத்துல கடலைப் பாத்தேன்னா, போன பயணம் திரும்பி வந்தப்பவும் அவர் இந்தக் கப்பல்லதான் இருந்திருக்கார். துறைமுகத்துல எந்தப் பக்கம் சுவர் வரும்னும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. அப்புறம், அஞ்சு நாள் பேச்சுல ஒரு தடவைகூட 'என் ரூம்'னு அவர் சொல்லல. 'இந்த ரூம்'."

"நாற்காலி?"

"கசிவு வந்த ரூம்னா சாமானை எல்லாம் வெளிய எடுத்துடுவாங்க. நாற்காலி இல்லைன்னது கேலி இல்ல, உள்ளதைத்தான் சொன்னார். கம்பளத்துல தண்ணி காய்ஞ்ச தடம், கம்பியில பசை. பூட்டின ரூம்ல கசிவு அடைக்கற ஆள் வேலை செஞ்சிருக்கார். அதனால அதே வேலையை இங்க உண்டாக்கினோம்."

"அந்தக் 'கீழே'?" என்றார் கோர்ட்டம்மா.

"கப்பல்ல வேலை செய்யறவங்களுக்குக் கீழேன்னா கடல் இல்லம்மா. அவங்க படுக்கற தளம். தண்ணி மட்டத்துக்கும் அடியில, ஜன்னல் கிடையாது. வேலை முடிஞ்சுதுன்னார், முடிஞ்சுது. கீழே போவேன்னார், போயிட்டார். மனசுல வேற அர்த்தம் வைச்சுப் பேசல. நாமதான் பயத்துல அப்படிக் கேட்டுக்கிட்டோம்." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "பூட்டின ரூம் பால்கனில நின்னு பயணியோட பேசினார்னு தெரிஞ்சா, அடுத்த துறைமுகத்துல இறக்கி விட்டுடுவாங்க. கேப்டன்கிட்ட போகாததுக்கு அதான் காரணம்."

கோர்ட்டம்மா நோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "அப்போ, காத்து வாங்க வந்த இடத்துல ஒரு ஆள் நின்னதாலதான் பேசினாரா? வேற யார் நின்னிருந்தாலும் பேசியிருப்பாரா?"

"அது துப்பறிஞ்சு சொல்ற விஷயம் இல்லம்மா," என்றார் அறைக்காரம்மா. "நீங்கதான் கேக்கணும்."

ஞாயிறு காலை ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் அந்த ஆள் டாக்டரின் அறைக் கதவைத் தட்டினார். முகம் மழித்திருந்தார். பால்கனியில் நிற்கிற கோர்ட்டம்மாவைக் கண்டதும் சாமான் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க இருக்க வேணாமா, சார்?"

"எனக்கு நடக்கணும். டாக்டர் சொல்லியிருக்கார்," என்றார் டாக்டர்.

கதவு பின்னால் சாத்திக்கொண்ட பிறகுதான், கதவு திறக்கும் அட்டையை மேசைமேலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. காலில் செருப்பும் இல்லை. தட்டுவதற்குக் கையை ஓங்கினார். உள்ளே இரண்டு குரல்கள், ஒன்று முடிவதற்குள் மற்றொன்று, இடைவெளியே விடாமல் பேசிக்கொண்டிருந்தன. என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை. அவர் கையை இறக்கிக்கொண்டார்.

சாப்பாட்டுக் கூடம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நடைபாதையின் இரு பக்கமும் மூடிய கதவுகள். வெறுங்காலோடு கடைசிவரை நடந்துபோய், மாடிப்படியின் முதல் படியில் பல் டாக்டர் உட்கார்ந்துகொண்டார்.