முகாமுக்கு ஒரு குளம்

"கை குலுக்க இடது கையா குடுப்பீங்க? சீ" என்று அன்னபுஷ்பம் முகம் சுளித்தது கல்யாணம் நிச்சயமான அன்றைக்கு.

"சாரணருங்க அப்படித்தான். இதயம் இருக்கிற பக்கத்துக் கை" என்று மாப்பிள்ளை அமிர்தநாதன் சிரித்தார். "காட்டுல ராத்திரி பசங்கல்லாம் தூங்கினப்புறம், மல்லாந்து படுத்துக்கினு வானத்தைப் பாக்கணும். நட்சத்திரம் மூஞ்சி மேலயே விழுற மாதிரி இருக்கும்."

என்னையும் ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போங்க என்று கேட்க அவளுக்கு அப்போதே வாய் வரை வந்தது. கூடத்தில் பெரியவர்கள் இருந்ததால் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் கேட்கவில்லை. ஆண்பிள்ளைகள் போகிற முகாமில் பெண்ணுக்கு என்ன வேலை என்று சிரித்துவிடுவாரோ என்ற கூச்சம். ஒவ்வொரு முறையும் புளிசாதம் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று கையசைத்து, அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டு உள்ளே வருவாள்.

இன்று மத்தியானம் அந்தப் பேச்சு நினைவுக்கு வரக் காரணம், அவர் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுதான்.

வலது கை உடைந்துவிட்டதாகப் பாவித்து, நாள் முழுக்க இடது கையால் எல்லா வேலையும் செய்வது சாரணர்களுக்கு அவர் வைக்கும் பயிற்சி. இந்த வீட்டில் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். விடிந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வல்லம் வழியாக ஒரகடம் தாண்டி நடந்து, அங்கே காட்டுக்குள் இருக்கும் குளத்தருகே முகாம் போடப் போகிறார். அதற்குத்தான் பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கை சோற்றைப் பிசைவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. பிசைந்து பிசைந்து, விரலிடுக்கில் சோறு கூழாகி வழிந்த பிறகே வாயில் வைத்தார்.

முகாமுக்கான பாதையையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு அவர் நேற்று சாயங்காலம் திரும்பியதிலிருந்தே வீட்டில் ஒரு நாற்றம் இருந்தது. பூ ஜாடியில் நாள்பட்ட தண்ணீரும் செத்த நத்தையும் ஊறிக் கலந்த மாதிரி இருந்த அது, முதலில் காக்கிச் சட்டையிலிருந்து வருவதாகத் தோன்றியது. சட்டையைக் கழற்றுங்கள், துவைத்துப் போடுகிறேன் என்று கேட்டும் அவர் கழற்றவில்லை. விடியற்காலையில் பார்த்தால் அவர் படுத்த பாய் ஆள் உருவத்துக்கு நனைந்திருந்தது, தலையணையில் பச்சையாகக் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. தேய்த்து அலம்பினாள். கையில் சோப்பு போட்டும் நாற்றம் போகவில்லை.

அவர் முகத்திலும் ஏதோ மாறியிருந்தது. எதுவென்று அவளால் சொல்ல முடியவில்லை.

சாப்பிட்டு எழுந்தவர் கொல்லைப்பக்கம் போனார். வெகுநேரம் திரும்பாததால் எட்டிப் பார்த்தாள். காலையில் அவள் மீன் கழுவிய சட்டி இன்னும் கொட்டப்படாமல் கிணற்றடியில் இருந்தது. அதன் முன்னால் குந்தியிருந்தார். செவுளையும் குடலையும் இடது கையால் அள்ளி, நிதானமாக, பலகாரம் தின்பது போல மென்றுகொண்டிருந்தார். முகவாயிலிருந்து சளி மாதிரி ஒரு நூல் தொங்கியது. ஈ மொய்த்த பக்கமாக முகத்தைத் திருப்பி, ஈக்களையும் சேர்த்து உறிஞ்சினார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

வெயில் தாழும்போது கோதண்டம் வந்தான். பள்ளியின் டிரில் மாஸ்டர். குளத்தைப் பார்க்க நேற்று உடன் போனவனும் அவன்தான். தோளில் கயிற்றுச் சுருள்களோடு வாசலிலேயே நின்று, தாழ்ந்த குரலில் அவளிடம் கேட்டான்.

"சார் உடம்பு எப்படி கீது அக்கா?"

ஏன் என்றாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். முகாம் தண்ணீரைச் சாரணர் மாஸ்டர் முதலில் குடித்துக் காட்டிய பிறகே பிள்ளைகளுக்கு என்பது சாருடைய வழக்கம். நேற்றும் குனிந்தார். தன் ஆடுகூட இந்தக் குளத்தில் வாய் வைக்காது என்று ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி தூரத்திலிருந்தே சத்தம் போட்டாள். அவளிடம் விவரம் கேட்கக் கோதண்டம் மேடேறிப் போனான். பின்னால் ஏதோ விழுந்த சத்தம். திரும்பிப் பார்த்தால் சார் கரையில் சொட்டச் சொட்ட நின்றிருந்தார், சிரித்துக்கொண்டு.

"வழி முச்சூடும் வேற ஒரு வார்த்தை பேசல அக்கா. தண்ணி நல்லா கீதுன்னு மட்டும் சொல்லிக்கினே வந்தாரு."

அப்போது அவர் உள்ளேயிருந்து வந்தார். கோதண்டம் சாரணர் வழக்கப்படி இடது கையை நீட்டினான்.

அவர் வலது கையை நீட்டினார்.

இரண்டு கைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நடுவில் நின்றன. இத்தனை வருஷத்தில் அவர் செய்யாத தப்பு. கோதண்டம் கையை இழுத்துக்கொண்டான். நாளைக்குப் பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்று மெல்லக் கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்தார். சார் சொல்லாமல் தன்னால் நிறுத்த முடியாது, பெற்றவர்கள் அவரை நம்பித்தான் அனுப்புகிறார்கள் என்று அவளிடம் முணுமுணுத்துவிட்டு, கயிற்றைப் போட்டுவிட்டுக் கோதண்டம் வேகமாகப் போய்விட்டான்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போட ஆரம்பித்தார். எல்லா முடிச்சுகளும் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தன.

அவள் விளக்கேற்றினாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் வெளிச்சம் பட்டது. அதில் அவர் முகம் தெரிந்தது.

இடது கண்ணுக்குக் கீழே மச்சம். வலது பக்கமாகப் படிந்த முடி. அவள் தினமும் பார்க்கிற முகம். அவளுடைய புருஷன்.

மெதுவாகத் திரும்பினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மச்சம் வலது கண்ணுக்குக் கீழே இருந்தது.

தண்ணீரில் குனிந்தால் தெரியும் முகம். அதுதான் எழுந்து வந்திருக்கிறது. அப்படியென்றால் குனிந்தவர் எங்கே?

"தண்ணி நல்லா கீது" என்றது அது. வாய்க்குள் பாசி அசைந்தது. "பசங்க எல்லாரும் குனிஞ்சி குடிக்கணும்."

ஒவ்வொரு பிள்ளையாக. கரையில் வரிசையாக. ஒவ்வொரு முகமாக எழுந்து, வீடு திரும்பி, அம்மா போட்ட சோற்றை இடது கையால் பிசைந்துகொண்டு.

ஓடிப்போய் யாரிடம் சொல்வது? யார் நம்புவார்கள்?

அவள் கிட்டே போனாள். எதிரில் உட்கார்ந்தாள். அது வலது கையை நீட்டியது. பிடித்தாள். ஊறிய தோல் அவள் விரலுக்கடியில் வழுக்கி நகர்ந்தது. உள்ளே எலும்பு இல்லை. குளிர்ந்த சேறு.

அது சிரித்தது.

கண்ணாடியில் இருந்தவர் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அன்னபுஷ்பம் அவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பசங்க வேணாங்க. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."