அண்டாவுக்குள் கிடந்த நீலக்கல்

காலை 6.40. ஜாஹிதா போட்ட அலறலில் கரும்புக்கடைத் தெருவே விழித்துக்கொண்டது. கூடத்து மீன் தொட்டியில் தங்கமீன்கள் எல்லாம் செத்து மிதந்தன.

மீனுக்காக மட்டும் அவள் அலறவில்லை. வேலைக்கு வரும் பாப்பாயி தெருக்குழாயில் பிடித்து வந்த குடத்துத் தண்ணீரைத்தான் நேற்றுத் தொட்டியில் ஊற்றினார்கள். அதே குடத்திலிருந்து மகள் ரம்ஷா இப்போதுதான் ஒரு டம்ளர் குடித்திருந்தாள்.

தகவல் கேட்டுச் சப்-இன்ஸ்பெக்டர் அரங்கசாமி வந்தபோது, ரம்ஷாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடிக்க ஆள் போயிருந்தது. ஜாஹிதா குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் பாப்பாயி நேத்து லீவு கேட்டா, தரலைங்க. அந்தக் கோவத்துல விஷத்தைக் கலந்துபோட்டா" என்றார் ஜாஹிதாவின் கணவர் அமீர் ஹம்சா. காந்திபுரத்தில் ரேடியோக் கடை வைத்திருப்பவர். பயம் வந்துவிட்டால் பழி போட ஓர் ஆள் வேண்டும். அது எளிய ஆளாக இருந்தால் ரொம்பச் சௌகரியம்.

பாப்பாயி சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் ஒண்ணும் பண்ணலைங்க..." ஸ்டேஷனுக்குப் போய்வந்தவளை எந்த வீட்டில் வேலைக்குச் சேர்ப்பார்கள்?

அரங்கசாமியும் மீன் வளர்ப்பவர். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். நீலக் கற்கள் கடையில் வாங்கியதுபோல் மின்னின. ஃபில்டர் பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. இவ்வளவு சுத்தம் அவரை உறுத்தியது. பிறகு கொல்லைக்குப் போய், அங்கிருந்த பெரிய பிரியாணி அண்டாவுக்குள் கைவிட்டுத் துழாவினார். ஒரு நீலக்கல் அகப்பட்டது.

"ரம்ஷா கண்ணு, மீனு எப்பருந்து சரியில்ல?"

"மூணு நாளாவே மேல வந்து வந்து வாயைப் பொளந்துச்சுங்க."

"பாப்பாயி கொண்டாந்த தண்ணிய ஊத்துனது நேத்துத்தான். தொட்டியக் கழுவுனது யாருங்க?"

"நான்தானுங்க. போன வாரம், நோன்பு வருதுன்னு ஊட்டையே கழுவுனோம். கல்லு, பஞ்செல்லாம் ஒரே வழுவழுப்பு. அண்டாவுல போட்டுக் கொதிக்க வெச்சு எடுத்தேன்" என்றாள் ஜாஹிதா.

"அந்த வழுவழுப்புலதானுங்க கண்ணுக்குத் தெரியாத உசுருக இருந்துச்சு. மீனோட கழிவு விஷமாகாமத் தின்னு தீர்க்கறது அதுகதான். மறுபடி உருவாக ஒரு மாசத்துக்கு மேல ஆகும். நீங்க அத்தனையையும் வேகவெச்சுப்போட்டீங்க. மீனு தன் கழிவுலயே செத்துப்போச்சு. கொன்னது நீங்கதானுங்க. குடத்துத் தண்ணியில ஒண்ணுமில்ல."

ஜாஹிதா மகளை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"பாப்பாயம்மா, அந்தக் குடத்துல எனக்கொரு டம்ளர் குடுங்க." வாங்கி ஒரே மூச்சில் குடித்தார் அரங்கசாமி.

அமீர் ஹம்சா தலையைக் குனிந்தபடி கை நீட்டினார். "எனக்கும் குடுங்க, பாப்பாயிக்கா."

பாப்பாயி தண்ணீரை மொண்டாள். டம்ளரை உடனே கொடுக்காமல், அண்ணாந்து ஒரு வாய் தான் குடித்துக் காட்டினாள்.

"இப்பக் குடிங்க" என்று நீட்டினாள்.