ஆவூருக்குப் போகும் வேன்

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். பெய்தது என்கிறாள் ஆன்சி. பொங்கல் முடிந்த வாரத்தில் ஏது மழை என்கிறான் ரகுபதி. இருவரும் தனித்தனியாகச் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன், நான் எதையாவது மாற்றியும் நினைத்திருக்கலாம். மழை பெய்ததாகவே இருக்கட்டும்... ஆன்சியின் கண்கள் மழையில் இன்னும் கறுப்பாகத் தெரியும்.

ராயபுரம் கல்மண்டபத்தில், ஒரு கடைக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்று அவள் பெரியப்பா மகன் ஜெரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஜெரியிடம் ஒரு வேன் இருந்தது. ஈஸ்டருக்குத் தங்கள் தேவாலயத்துப் பங்கு மக்களைப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் மாதா கோயிலுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு ஆன்சியுடையது.

"புதுக்கோட்டை டவுனுக்குப் போய்க்கினு, அப்பால ரிட்டன் வரணும்," என்றான் ஜெரி.

"அவ்வளவு சுத்த வேணாங்க. திருச்சி தாண்டி மாத்தூர்ல திரும்பிடலாம்."

அதே கூரையின் கீழ் நின்றிருந்த ஒருவன் சொன்னான். சட்டைக் கையில் இரும்புத் துருவின் கறை.

"மாத்தூரு மணலியாண்ட கீது," என்றாள் ஆன்சி. "நீ இன்னா நடுவுல?"

"அது வேறங்க. இது எங்க ஊர்ப் பக்கம்."

"உங்க ஊரா? நீ இன்னா, ராஜாவா?"

"ராஜா இருந்த ஊரு. சுதந்திரம் வந்தப்பக்கூட நாங்க தனி சமஸ்தானம். சில மாசம் கழிச்சுத்தான் இந்தியாவோட சேர்ந்தோம்."

"ஓ... அப்பவே லேட்டா?"

அவன் சிரித்தான். அவன் இமையில் ஒரு துளி நீர் நின்றது. அதைத் துடைத்துவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஏன் அப்படி இருந்தது? யாரென்றே தெரியாதவன்...

பெயர் ரகுபதி. திருவப்பூர்க்காரன். சாத்தாங்காட்டில் சுப்புராஜின் இரும்புக் கடையில் வேலை. ஈஸ்டர் அன்று வேனில் வந்து வழி காட்டுவதாகச் சொன்னான். ஆவூருக்குப் பிறகு எங்கெங்கே போகலாம் என்று கேட்க அவன் எண்ணை வாங்கிக்கொண்டாள். வழி கேட்கத்தான். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

துறைமுகத்தருகே சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்த்தபடி, மதிய இடைவேளைகளில் அவன் போனில் சொல்லச் சொல்ல அவள் ஒரு சமஸ்தானத்தையே சுற்றிவந்தாள். திருமயம் கோட்டை, பாறையில் இசையை வெட்டிவைத்த குடுமியான்மலை... ஒருநாள் சித்தன்னவாசலைப் பற்றிச் சொன்னான்.

"அங்க ஒரு குளம் இருக்கு. கூரையில வரைஞ்ச குளம். ஒருத்தர் தாமரையைப் பறிச்சுக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. யாருக்குன்னுதான் தெரியல."

"உனக்குமா தெரியாது?"

தொலைவில் ஒரு கப்பல் கூவியது.

"பொங்கல் வரைக்கும் தெரியாது," என்றான்.

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். கோபமா, பயமா என்று அவளுக்கே புரியவில்லை.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் அவன் நேராகவே கேட்டான். "உங்க அப்பாகிட்ட வந்து பேசட்டுமா?"

"நாளைக்கு சொல்றேன்," என்றாள்.

மறுநாள் நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பினார்கள். ஆன்சியின் அப்பா லியோனார்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஈஸ்டர் வரை பீடியை விடுவதாகச் சொன்னார். அம்மா ஹில்டா கறியை விட்டார். "நீ இன்னா வுடப்போற?" என்று அம்மா ஆன்சியைக் கேட்டார். இனிப்பு, டீ என்று யோசித்துப் பார்த்தாள். எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. விட்டால் வலிக்கும் என்று தோன்றியது ஒன்றுதான்.

நேர்ந்துகொண்டதை வெளியே சொல்வது அவள் பழக்கமில்லை. அவனிடமும் சொல்லவில்லை.

அவன் அழைத்தான். செய்தி அனுப்பினான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். சில நாட்களில் அழைப்புகள் நின்றுபோயின. நின்றதும்தான் அவளுக்குத் தூக்கம் போனது. மாசி முடியும் முன்பு சாத்தாங்காட்டுக்கே போய்விட்டாள். தூர இருந்து பார்த்தால் போதும் என்றுதான்.

"அவன் ஊருக்குப் போயிட்டாம்மா," என்றார் சுப்புராஜ். "மாரியம்மன் பூச்சொரிதல். காப்புக் கட்டிட்டா திருவிழா முடியற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டமாட்டானாம்."

"முடிஞ்சதும் வந்துருவாரா?"

"வரலைன்னுட்டான். இனிமே அங்கேயே ஒரு கடையில சேரப் போறானாம்."

திரும்பும் வழியெல்லாம் லாரிகளின் புழுதி. இப்போதே அழைத்தால் அவன் அங்கே வேலையில் சேராமல் நின்றுவிடுவான். ஆனால் நேர்ந்தது என்னாவது? கடவுளுக்குக் கொடுத்ததைப் பாதியில் எப்படித் திரும்பக் கேட்பது? அல்லது இது வெறும் வீம்பா? பிரித்தறிய முடியவில்லை. அழைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அழைக்கவில்லை.

ஈஸ்டர் காலைத் திருப்பலி முடிந்த உடனே, கோயில் படியிலேயே அவன் எண்ணை அழுத்தினாள். போன் மணி வேன் பக்கத்திலிருந்து கேட்டது.

கையில் ஒரு பையோடு ரகுபதி நின்றான். மெலிந்திருந்தான்.

"வழி காட்டுறேன்னு வாக்குக் குடுத்தேன். ஆவூர் வந்ததும் இறங்கிடுவேன்," என்றான், அவளைப் பார்க்காமல். "உங்களுக்காக வரல."

"சரி."

"சரியா? ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டு, சரியா? காப்பு மட்டும் கட்டலைன்னா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து கேட்டிருப்பேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே."

"தவக்காலம்..."

"தவக்காலத்துல கறி திங்கக்கூடாது. பேசவும் கூடாதா?"

ஆன்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"எது ரொம்பப் புடிக்குமோ அதத்தான் வுடணும்," என்றாள். "அப்பா பீடிய வுட்டாரு. அம்மா கறிய வுட்டாங்க. நான்..."

"நீங்க?"

"உன்னத்தான்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பையைக் கீழே வைத்தான்.

"அடுத்த வருசம்," என்றான், "டீயை விட்டுருங்க."

வேன் ஜன்னலிலிருந்து லியோனார்ட் எட்டிப் பார்த்தார். எவ்வளவு கேட்டிருந்தார் என்று தெரியவில்லை. கையில் பற்றவைக்காத பீடி.

"தம்பி, நீ முன்னாடி ஜெரியாண்ட குந்து," என்றார். "ஆன்சி, நீ பின்னால அம்மாவாண்ட போ."

ஆவூர் போய்வந்த பிறகு ரகுபதி மீண்டும் சுப்புராஜின் கடையிலேயே சேர்ந்தான். லியோனார்ட் ஒரு வருடம் அவனோடு பேசவில்லை, பிறகு ஹில்டாவோடு போய் மகளின் பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஜெரி வேனை விற்றுவிட்டு எண்ணூரில் டேங்கர் ஓட்டுகிறான். ஆன்சியும் ரகுபதியும் திருவொற்றியூரில் வாடகைக்கு இருக்கிறார்கள். ரகுபதியின் அம்மா இன்னும் சென்னைக்கு வரவில்லை. பேத்தியைப் போனில் மட்டும் பார்க்கிறார்.