வெடிக்காத பெற்றோல் தாங்கி

செவ்வாய்க்கிழமை, மாலை 5.40.

காங்கேசன்துறையில், பழைய சீமெந்து ஆலைக்கு அப்பால் ஆள் நடமாட்டமில்லாத வீதியில், ஒரு கார் மதகில் மூக்கை முட்டியபடி எரிந்து முடிந்திருந்தது. ஓட்டி வந்த காணித் தரகர் அருளம்பலம் தப்பிவிட்டார். பின் இருக்கையில் இருந்த காணி உறுதிப் பத்திரம்தான் தப்பவில்லை என்று அவரே சொன்னார்.

அந்த உறுதி ஆசியா உம்மாவுடையது. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர் உடுத்த சீலைக்குள் ஒளித்துக் கொண்டுபோனது. புத்தளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தலையணைக்குள் கிடந்தது. ஊர் திரும்பிய பிறகு, நில அளவையாளருக்குக் காட்டவேண்டும் என்று அருளம்பலம் கேட்டதால் போன கிழமைதான் அவர் கையை விட்டுப் போனது. பதிவேட்டில் அந்தப் பக்கம் போரோடு அழிந்துவிட்டது. உறுதி இல்லையென்றால் யாழ்ப்பாண நகரத்திலிருக்கும் அவருடைய வீடும் இல்லை.

"நூறுக்கு மேலை ஓடினனான். மதகிலை அடிச்ச உடனை பெற்றோல் தாங்கி வெடிச்சிட்டுது," என்றார் அருளம்பலம். "முதல்நாள் பெற்றோல் பைப் மாத்தினது ஆர் தெரியுமோ? உந்த உம்மாவின்ரை மகன் றிஷாத்."

மனிதர் கெட்டிக்காரர்தான். உறுதி எரிந்ததற்கு உறுதிக்காரியின் மகனே காரணம் என்றால், அந்தத் தாய் எந்த முகத்தோடு முறையிடப் போகிறாள்?

ஆசியா உம்மா நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறையிட்டார். "எரிஞ்சது எண்டால் சாம்பலைக் காட்டுங்கோ. அதுவரைக்கும் நான் நம்பமாட்டன்," என்றார். சார்ஜன்ற் நதானியேலுக்குத் தலையிடி தொடங்கியது.

புதன்கிழமை, காலை 9.15.

காப்புறுதிக் கம்பனிக்காகச் சேதம் மதிப்பிடும் நிமலினி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பதினேழு வருஷமாக நொறுங்கிய வாகனங்களோடு பழகியவள். மனிதரை விட இரும்பை நம்புகிறவள்.

முதலில் காரின் முன்பக்கம். பம்பர் நெளிந்திருந்தது. உள்ளே ரேடியேற்றர் உடையவில்லை. அதன் பிளாஸ்ரிக் விசிறி கூட உருகவில்லை. பின் இருக்கையிலோ கம்பி மட்டும்தான் மிச்சம். கதவருகே மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். கடைசியாகக் காருக்கு அடியில் படுத்துத் தாங்கியைத் தட்டினாள். வெறும் தகரச் சத்தம் கேட்டது. மூடியில் பூட்டு இருந்தது. காரிலேயே கிடந்த திறப்பால் அதைத் திறந்து டோர்ச் அடித்தாள்.

"மிஸ், என்ன பாக்கிறியள்? வெடிச்ச கார்தானே," என்றார் நதானியேல்.

"வெடிச்சது எதெண்டு காட்டுங்கோ, சார்ஜன்ற். தாங்கி கிழியேல்லை, வீங்கேல்லை, அடிப் பெயின்ற் கூட உரியேல்லை. உள்ளை பெற்றோல் அளவு காட்டுற மிதவை உருகேல்லை. ஆனா பெற்றோல் இல்லை."

"எரிஞ்சு முடிஞ்சிருக்கும்."

"மிதவையைச் சுடாமலோ?"

நதானியேல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வேகமா அடிச்சா வெடிக்காதோ? படங்களிலை எல்லாம்..."

"படத்திலை வெடிமருந்து வைச்சு வெடிக்கப் பண்ணுறவை. உண்மையான மோதலிலை பெற்றோல் ஒழுகும், பொறி பட்டால் பத்தும். தாங்கி வெடிக்கவே வெடிக்காது எண்டு சொல்லேல்லை. உள்ளை ஆவியும் காத்தும் சரியான அளவிலை கலந்து, அதுக்கை நெருப்பும் போகவேணும். அப்பிடி நடந்தால் தகரம் விரிஞ்சு கிழிஞ்சிருக்கும். உது சும்மா கிடக்கு."

காலை 10.30. றிஷாத்தின் கராஜ்.

"பைப் மாத்தினியளோ?" என்று கேட்டாள் நிமலினி.

"ஓம் அக்கா. லீக் பாக்கவேணும் எண்டு பதினைஞ்சு லீற்றர் அடிச்சு, அரை மணித்தியாலம் ஓட விட்டனான். ஒரு சொட்டு ஒழுகேல்லை." அவன் கண் கலங்கியிருந்தது. "உம்மா என்னை ஒரு சொல் கேக்கேல்லை. அதுதான் தாங்கேலாமல் இருக்கு."

காலை 11.20. பொலிஸ் நிலையம்.

சாயம் பூசிய அடர்ந்த மீசைக்குக் கீழே அருளம்பலத்தின் உதடுகள் சிவந்து வீங்கியிருந்தன. சோடாவைக்கூட நோகாமல் குடிக்க முடியவில்லை.

"அண்ணை, உதட்டிலை என்ன?" என்றாள் நிமலினி.

"வெடிச்ச சூடு, தங்கச்சி. முகத்திலை அடிச்சது."

"காரிலை மண்ணெண்ணெய் ஏத்தினியளோ?"

"இல்லை. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

பிற்பகல் 3.30. மானிப்பாய்.

வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டதாகச் சொல்லிக்கொண்டு நதானியேலும் நிமலினியும் அருளம்பலத்தின் வீட்டுக்குப் போனார்கள். ஆசியா உம்மா பஸ்ஸில் வந்து அவர்களுக்கு முன்பே படலை வாசலில் நின்றார். வரச் சொன்னது யார் என்று நதானியேல் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை என்றுவிட்டு அவர் உள்ளே நடந்தார்.

நிமலினி சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணை, ரேடியேற்றர் கூட உடையேல்லை, கார் முப்பதிலைதான் மதகிலை முட்டினது. பிறகு பின் சீற்றிலை மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினியள். மண்ணிலை இன்னும் மணக்குது. பெற்றோல் பைப் ஒழுகிப் பத்தின காரிலை மண்ணெண்ணெய் எங்காலை வந்தது?"

"விசர்க் கதை கதைக்காதை, பிள்ளை."

"நெருப்பு உதட்டைச் சுட்டால் மீசையை விட்டு வைக்குமோ? உது பெற்றோல் பட்ட புண். தாங்கிக்குள்ளை ரியூப் விட்டு வாயாலை இழுத்தனீங்கள். கராஜிலையிருந்து காரை எடுத்தாப் பிறகு மூடித் திறப்பு உங்களிட்டைத்தான் இருந்தது."

"நான் ஏன் என்ரை பெற்றோலை இழுக்கவேணும்?"

"பயத்திலை. எங்களுக்குச் சொன்ன கதையை நீங்களே நம்பினியள். நெருப்பு வைச்சால் தாங்கி வெடிச்சு நீங்களும் போயிடுவியள் எண்டு, அங்கை போய்ச் சேரக் காணுமான பெற்றோலை மட்டும் விட்டிட்டு மிச்சத்தை எடுத்தனீங்கள். தாங்கி வெடிக்கும் எண்டு முதல்நாளே தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான். உண்மையிலை காலித் தாங்கியிலைதான் ஆவி அதிகம், ஆபத்தும் அதிகம். உங்கடை நல்ல காலம், நெருப்பு மேலையே நிண்டிட்டுது."

அருளம்பலம் நதானியேலைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் வாய்க் கதை. அப்ப அந்தப் பெற்றோல் எங்கை?"

"இஞ்சைதான். சண்டை நேரம், பொருளாதாரத் தடை போட்ட காலத்திலை ஒரு போத்தல் பெற்றோலுக்கு நாயாய் அலைஞ்ச ஆக்கள் அதை நிலத்திலை ஊத்தமாட்டினம். என்ரை அப்பாவுக்கும் கை வராது. சார்ஜன்ற், பின்னாலை பாருங்கோ."

விறகுக் கொட்டிலில் சாக்குக்குக் கீழே ஒரு பெற்றோல் கான் இருந்தது. மூடிக்கு அடியில் பொலித்தீன் வைத்து, ஆவி கூடப் போகாமல் இறுக்கியிருந்தார். பதின்மூன்று லீற்றர்.

அருளம்பலத்தின் சிரிப்பு நின்றது. நிமலினி விடவில்லை.

"பெற்றோலையே கொட்ட மனம் வராத ஆள் உறுதியை எரிச்சிருக்கமாட்டியள். கள்ளக் கையெழுத்து வைச்சுக் காணியை வேறை பேருக்கு மாத்த அந்த ஒரிஜினல் வேணும். உம்மா தேடாமல் இருக்கத்தான் இந்த நெருப்பு. அண்ணை, ஷெல் அடிக்கேக்கை பத்திரங்களோடை தூக்கிக்கொண்டு ஓட எண்டு ஒவ்வொரு வீட்டிலையும் ஒரு பை இருந்ததெல்லோ. உங்கடை பை எங்கை?"

அருளம்பலத்தின் கண் ஒரு கணம் அலுமாரிப் பக்கம் போனது. அதுவே போதும்.

பழைய ரெக்சின் பைக்குள், அவருடைய சொந்த உறுதிகளுக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் நடுவில், ஆசியா உம்மாவின் உறுதி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அக்கா, ஒரு சபலம். பொலிஸ், கோட் எண்டு போகாமல் நாங்கள் கதைச்சு முடிப்பம்," என்று ஆசியா உம்மாவிடம் சொன்னார் அருளம்பலம்.

"நெருப்பை வைச்சிட்டு என்ரை பிள்ளையின்ரை தலையிலை போட்டியே. உன்னோடை என்ன கதை," என்றார் ஆசியா உம்மா. உறுதியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

நதானியேல் தயங்கியபடி அருகே வந்தார். "உம்மா, உது சான்றுப் பொருள். நான் எடுத்துக் கோட்டிலை ஒப்படைக்கவேணும். வழக்கு முடியத் திருப்பித் தருவினம்."

"எவ்வளவு நாள்?"

"சொல்லேலாது."

"அப்ப நானும் சான்றுப் பொருள். என்னையும் சேத்து ஒப்படையுங்கோ."

"உம்மா, சட்டம் அப்பிடி இல்லை."

"இந்த மண்ணிலை என்னை ஏத்தி இறக்கின சட்டமெல்லாம் நான் பாத்திட்டன், தம்பி. நீதவானுக்கு முன்னாலை, பற்றுச்சீட்டு என்ரை கையிலை வந்தாப் பிறகுதான் இது என்ரை கையை விட்டுப் போகும்."

அவர் போய் ஜீப்பில் ஏறி முன் இருக்கையில் அமர்ந்தார். அது சார்ஜன்ற் இருக்கும் இடம். நதானியேல் சற்று நேரம் வெளியில் நின்றார். பிறகு அருளம்பலத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார்.